குகைக்காரனின் அக்கா

ஸ்கார்பெக், யார்க்ஷயர்
1866 மார்ச் 18, ஞாயிறு

அன்புள்ள தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

நம் ஆலை ஓடுகிறது. மழை விடவில்லை. நீ கேட்ட கம்பளிச் சட்டைகளை வியாழக்கிழமை ரயிலில் அனுப்பிவிட்டேன்.

இன்று சபையில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போதகர் வேதாகமத்தில் முதலாம் சாமுவேல் புத்தகத்தை எடுத்தார். சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடிய தாவீது அதுல்லாம் குகையில் ஒளிந்த கதை. ஒடுக்கப்பட்டவர்களும் கடன்பட்டவர்களும் முறுமுறுக்கிறவர்களும் போய் அவனோடு சேர்ந்துகொண்டார்கள் என்ற வசனம் வரைக்கும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். விளக்கமே சொல்லவில்லை. சபை மொத்தமும் திரும்பி, பார்லிமெண்ட் உறுப்பினனின் அக்கா உட்கார்ந்திருந்த நம் பெஞ்சைப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை பார்லிமெண்டில் பர்மிங்காம் உறுப்பினர் பேசியது வாசகசாலைப் பத்திரிகையில் வந்துவிட்டது. நகரத்தில் வருஷத்துக்கு ஏழு பவுன் வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கும் ஓட்டு என்று ஆளுகிற உங்கள் கட்சியே மசோதா கொண்டுவர, உங்கள் கட்சியிலேயே சிலர் முறுக்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்களாம். அவர்கள் அதுல்லாம் குகைக்குள் போய்விட்டார்கள் என்று அவர் சொல்ல, பார்லிமெண்டே சிரித்ததாம். இங்கேயும் எல்லோரும் சிரித்தார்கள். மாலைக்குள் ஆலைக் கதவில் யாரோ சுண்ணாம்புக்கட்டியால் ‘குகை’ என்று எழுதிவிட்டார்கள். வேலைக்காரி அழிக்கப் போனாள். மேஸ்திரி ஜாபெஸ் கிரீன்வுட் தடுத்தார். “விட்டுடும்மா. அழிச்சா நாளைக்கு இன்னும் பெருசா எழுதுவாங்க.”

நீ அவர்களில் ஒருவன் இல்லை என்று ஒரு வரி எழுது. ஜாபெஸிடம் காட்ட வேண்டும்.

உன் அக்கா,
டார்க்கஸ்


லண்டன்
மார்ச் 21

அன்புள்ள அக்கா,

அந்த வரியை என்னால் எழுத முடியாது.

அவர் குகை என்று சொன்னபோது நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் பார்த்தால் என் இரண்டு பக்கத்திலும் யாரும் சிரிக்கவில்லை. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

நம் ஆட்கள் மேல் எனக்கு வெறுப்பில்லை. ஜாபெஸ் ஒருவருக்குத்தான் ஓட்டு என்றால் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுப்பேன். ஜாபெஸுக்குப் பின்னால் வருகிற கூட்டத்துக்குத்தான் பயப்படுகிறேன். நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆகஸ்டை நீயும் பார்த்தாய். நீ ஜன்னலில் நின்று பார்த்தாய், நான் கரிக்கிடங்கில் மூட்டைகளுக்கு அடியில் கிடந்து கேட்டேன். பார்த்தவளுக்கு அது ஒருநாளோடு முடிந்தது. எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கீழ்த்தளத்து ஜன்னல்களுக்கு மரக்கதவு போடச் சொல். சபைக்குத் தனியாகப் போகாதே.

ஆம்ப்ரோஸ்


ஸ்கார்பெக்
ஏப்ரல் 30

தம்பி,

மரக்கதவு போடவில்லை. போட்டிருந்தால் முன்னறைக் கண்ணாடி தப்பித்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பில் மசோதா ஐந்தே ஓட்டில் பிழைத்தது என்றும், எதிர்த்தவர்களில் உன் பெயர் இருக்கிறது என்றும் சனிக்கிழமை மதியம் தந்தி வந்தது. சாயங்காலம் சந்தைச் சதுக்கத்தில் வைக்கோலால் ஓர் உருவம் செய்தார்கள். உன் பழைய சாம்பல் நிறக் கோட்டு மாதிரியே ஒன்றை எங்கிருந்தோ பிடித்து மாட்டியிருந்தார்கள். எரித்தார்கள். நான் தையலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல் வந்து விழுந்தது. தைத்துக்கொண்டே இருந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். முப்பத்தெட்டு வயதில்.

கொஞ்ச நேரத்தில் ஜாபெஸும் அவர் தம்பி ரூபனும் வந்தார்கள். ரூபனை உனக்கு நினைவிருக்கும், ஊர் வாத்தியக் குழுவில் கொம்பு ஊதுகிறவன். அவன் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, “யாரு எறிஞ்சான்னு தெரியும்மா. ஆனா சொல்ல மாட்டேன். அவன் பொண்டாட்டியே அவன இன்னிக்கு வீட்டுக்குள்ள விடல” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் தெருவில் முன்பு தொப்பியைத் தொட்டு வணங்கியவர்கள் இப்போது கடை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். கல்லைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

டார்க்கஸ்


லண்டன்
மே 3

அன்புள்ள அக்கா,

உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

நேற்று மசோதாவை எதிர்த்த நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். பிரபுக்கள், பிரபுக்களின் பிள்ளைகள், நடுவில் நான் ஒரு கம்பளி ஆலைக்காரன். யெருசலேமுக்குப் போய்வந்த ஒருவர் கதை சொன்னார். பெத்லகேமுக்குப் பக்கத்தில் ஒரு மலையிடுக்கில் துறவிகள் ஒரு குகையைக் காட்டுகிறார்களாம். கீழே பாதாளம், ஓர் ஆள் ஒட்டி நடக்கிற அளவுக்குத்தான் பாறை விளிம்பு. அதுதான் தாவீதின் குகை என்று அறுநூறு எழுநூறு வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் அது இல்லையாம். வேத புத்தகத்தின்படி அதுல்லாம் மேற்கே, பெலிஸ்தர் எல்லையோரத் தாழ்ந்த குன்றுகளில் இருந்திருக்க வேண்டுமாம். அங்கே குன்றுக்குக் குன்று பொந்துதான், எது என்று யாருக்கும் தெரியாதாம். “அப்பாடா, நம்ம குகை எங்க இருக்குன்னு எவனுக்கும் தெரியாது” என்று ஒரு பிரபு சொல்ல, மேஜை குலுங்கச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குகை எங்கே இருக்கிறது என்று ஸ்கார்பெக்கில் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நீ தனியாக இருக்கிறாய்.

ஆம்ப்ரோஸ்


ஸ்கார்பெக்
ஜூன் 28

தம்பி,

நான் வரமாட்டேன் என்று போன கடிதத்திலேயே சொல்லிவிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்காதே.

மசோதா செத்தது, மந்திரிசபையும் விழுந்தது, குகைக்காரர்கள் ஜெயித்துவிட்டீர்கள். செய்தி வந்த அன்று இங்கே யாரும் கத்தவில்லை. தறிகளை நிறுத்திவிட்டு, ஆணும் பெண்ணும் ஆலை முற்றத்தில் வந்து நின்றார்கள். அப்படியே நின்றார்கள். பிறகு உள்ளே போய்த் தறியை ஓட்டினார்கள். ஒருவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூலை 28 சனிக்கிழமை, ஸ்கார் மேட்டில் பெரிய கூட்டம் வைத்திருக்கிறார்கள். ஜாபெஸ்தான் தலைமை. சுற்றுவட்டாரத்து ஏழெட்டு ஊர்க்காரர்கள் வருவார்களாம். என்னிடம் வந்து முறையாகச் சொன்னார். “குழந்தை குட்டியோட வரச் சொல்லியிருக்கோம்மா. குடிச்சிட்டு வர்றவன மேட்டுல ஏத்த மாட்டோம். கொடியில அந்த வசனத்தையே எழுதப் போறோம்.”

“எந்த வசனம்?”

“ஒடுக்கப்பட்டவங்க, கடன்பட்டவங்க, முறுமுறுக்கிறவங்க. அது நாங்கதானே? உங்க தம்பியும் அந்தப் பிரபுமாரும் என்ன கடன்பட்டாங்க, என்ன ஒடுங்கினாங்க?”

பதில் தெரிந்தால் எழுது. தாவீது ராஜாவுக்குப் பயந்து குகைக்குப் போனான். நீங்கள் யாருக்குப் பயந்து போனீர்கள்?

டார்க்கஸ்


லண்டன்
ஜூலை 2

அக்கா,

பதில் தெரியும். அவர்களுக்குப் பயந்துதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏழெட்டு ஊர் ஆட்கள் ஒரு மேட்டில். அந்த மேட்டுக்குக் கீழே ஒரே ஒரு சந்து, சந்தின் முனையில் நம் ஆலை, ஆலை வீட்டுக்குள் நீ. இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஸ்கார்பெக் மாஜிஸ்ட்ரேட்டுக்கு எழுதிவிட்டேன். நாற்பத்திரண்டில் நடந்ததை எல்லாம் நினைவுபடுத்தி, அன்றைக்குக் குதிரைப்படை வரவழைக்க வேண்டும் என்று தொகுதியின் உறுப்பினனாகக் கேட்டிருக்கிறேன்.

கோபப்படுவாய். படு. உயிரோடு இருந்து கோபப்படு.

ஆம்ப்ரோஸ்


ஸ்கார்பெக்
ஜூலை 5

ஆம்ப்ரோஸ்,

உன் கடிதத்தைப் படித்தேன். எதை நினைவுபடுத்தினாய் அந்த மனிதருக்கு?

நடந்தது நம் இருவருக்கும் தெரியும். கூலிக்குறைப்பைப் பொறுக்காமல் கூட்டம் வந்தது. கொதிகலனின் அடைப்பைப் பிடுங்கினார்கள், தண்ணீர் ஓடியது, ஆலை நின்றது. அவ்வளவுக்குத்தான் வந்தார்கள். நம்மை வளர்த்த மார்த்தா உன்னைக் கரிக்கிடங்கில் மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டு, என்னைத் தேடி முற்றத்துக்கு ஓடினாள். நான் ஜன்னலில் நின்றது அவளுக்குத் தெரியாது. அப்போது வந்த சிப்பாய்கள் சுட்டார்கள். குண்டு மார்த்தாவின் மேல் பட்டது. நீ கேட்ட சத்தம் அது. கூட்டத்தில் எவன் கையிலும் துப்பாக்கி இல்லை.

இதை நான் சொல்லும்போதெல்லாம் நீ ஒன்றே சொல்வாய், கூட்டம் வராமல் இருந்திருந்தால் சிப்பாயும் வந்திருக்க மாட்டான் என்று. இருபத்துநான்கு வருஷமாக இதையே நாம் இருவரும் பேசி ஓய்ந்துவிட்டோம். ஆனால் இந்தத் தடவை சிப்பாயைக் கூப்பிட்டது நீ.

எனக்கும் பயம்தான். கூட்டத்துக்கும் பயப்படுகிறேன், படைக்கும் பயப்படுகிறேன். இரண்டும் ஒரே சந்தில் வந்து நிற்கப்போகின்றன. எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்.

டார்க்கஸ்


லண்டன்
ஜூலை 24, செவ்வாய்

அக்கா,

இரண்டு வாரமாக உனக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். நீ சொன்னது தப்பு என்று எழுத நினைத்து எழுதிக் கிழித்தேன்.

நேற்று சாயங்காலம் ஹைட் பூங்காவில் ஓட்டுரிமை கேட்கிற சீர்திருத்தக்காரர்கள் கூட்டம் போட வந்தார்கள். போலீஸ் வாசலைப் பூட்டிவிட்டது. நான் அந்த வழியாகத்தான் நடந்து போனேன். எங்கே பார்த்தாலும் தலை. யாரோ கம்பிவேலியில் சாய்ந்தார்கள், அது ஆடியது, எல்லோரும் சேர்ந்து ஆட்டினார்கள். வேலி முழுசாகச் சாய்ந்தது. கல் பறந்தது, தடி பறந்தது. கரிக்கிடங்கில் கிடந்த அந்த எட்டு வயசுப் பையன் மாதிரி நடுத்தெருவில் நின்றேன்.

ஒரு வீட்டின் நிலவறைப் படியிலிருந்து ஒரு பெண் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அந்த வீட்டுச் சலவைக்காரி. “என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? உள்ள வா.” கீழே சமையலறையில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி. மதுக்கடைப் பையன் ஒருவன். மூலையில் தலை உடைந்த ஒரு போலீஸ்காரன். அவனுக்கு அந்தக் கைக்குழந்தைக்காரி தன் பாவாடைத் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வெளியே வேலியை ஆட்டிக்கொண்டிருந்தானாம். “கல்லெறிஞ்சது எம் புருஷனா இருந்தா வீட்டுக்கு வரட்டும், நானே கேக்கறேன்” என்று போலீஸ்காரனுக்குச் சமாதானம் சொன்னாள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

சலவைக்காரி சொன்னாள்: “அந்தக் குகைக்காரங்க எல்லாம் இப்ப எந்தப் பொந்துல பதுங்கியிருக்காங்களோ.” எல்லோரும் சிரித்தார்கள், போலீஸ்காரனும். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைக் கேட்டுவிடுவார்களோ என்று வேர்த்தது. யாரும் கேட்கவில்லை. தெரு அடங்கியதும் என் தொப்பியைத் தட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

வந்ததும் மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தந்தி அடித்தேன், படை வேண்டாம் என்று. பதில் வந்துவிட்டது. ‘லண்டன் செய்தியைப் படித்தேன். உங்கள் முதல் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. படை வரும்.’

என் பயத்தை அந்த மனிதருக்கு ஒட்டவைத்துவிட்டேன் அக்கா. அதை இப்போது திரும்ப வாங்க முடியவில்லை. ஜாபெஸிடம் சொல். கூட்டத்தை வேறு நாளைக்கு மாற்றச் சொல்.

ஆம்ப்ரோஸ்


ஸ்கார்பெக்
ஜூலை 29, ஞாயிறு

ஆம்ப்ரோஸ்,

சொன்னேன். ஜாபெஸ், “எல்லா ஊருக்கும் சொல்லியாச்சும்மா. இப்ப யாரு போய் நிறுத்த?” என்றார். பிறகு, “குதிரைக்காரங்க மேட்டுக்குக் கீழ நிப்பாங்க, நாங்க மேல நிப்போம். பாத்துக்கலாம்” என்றார்.

அப்படித்தான் நின்றார்கள். மதியம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சபைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தார்கள். கொடியைப் பெண்கள் பிடித்திருந்தார்கள். குதிரைமேல் இருந்தவர்கள் எல்லாம் இளம் பிள்ளைகள், தொப்பிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு ஒரு கிழவி ரொட்டித் துண்டு நீட்டினாள், அவன் அதிகாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

கூட்டம் முடிந்து வாத்தியக் குழு இறங்க ஆரம்பித்தது. பெரிய முரசு ஓங்கி ஒலித்தது. ஒரு குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது. சவாரிக்காரப் பையன் பயந்து வாளை உருவினான், விழாமல் இருக்கவோ வேறெதற்கோ தெரியாது. மேலே நின்றவர்களுக்கு வாள் மட்டும்தான் தெரிந்தது. “வெட்றாங்க” என்று ஒரு குரல். அவ்வளவுதான். மேடே சரிந்து சந்துக்குள் வந்தது.

நான் ஆலைக் கதவடியில் நின்றேன். உள்ளே ஓடிப் பூட்டிக்கொள்ளத்தான் கை போனது. எப்படியென்று தெரியவில்லை, இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், வாயில் நுரை தள்ள வந்தார்கள். தறிகளுக்கு நடுவில், கம்பளி மூட்டைகள்மேல், மாடிப்படியில் எல்லாம் உட்கார்ந்தார்கள். எத்தனை பேர் என்று தெரியாது.

பிறகு யாரோ ஒருத்தி, “குதிரைய யாரு கூப்பிட்டது?” என்று கேட்டாள்.

சும்மா இருந்திருக்கலாம். “என் தம்பி” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை உனக்கு எழுத வார்த்தை இல்லை. ஜாபெஸ் வாசலோரம் நின்றிருந்தார். “தெரியும்மா. மொதல்ல அந்தப் புள்ளைங்களுக்குத் தண்ணி கொடுங்க” என்றார். நான் வாளியை எடுக்கப் போனேன்.

ரூபன் உள்ளே வரவில்லை. சந்தின் வளைவில் கொம்பைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான். குதிரைக் குளம்பும் பட்டிருக்கிறது, மனிதக் காலும் பட்டிருக்கிறது என்கிறார் வைத்தியர். யாரும் சுட்டதும் இல்லை, யாரும் வெட்டியதும் இல்லை. இன்று காலையில் உயிர் போய்விட்டது.

புதன்கிழமை மதியம், சந்தைச் சதுக்கத்து விடுதி மாடியில் மரண விசாரணை. படை வந்தது யாருடைய கடிதத்தால் என்று கேட்பார்கள். நீ வந்தால் நீ சொல். வராவிட்டால் நான் சொல்வேன்.

டார்க்கஸ்


ஸ்கார்பெக், நிலையத்து விடுதி
ஜூலை 31, செவ்வாய் மாலை

அக்கா,

வந்துவிட்டேன். ரயிலை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வர நினைத்தேன். நிலைய வாசலில் ஆட்கள் நின்றார்கள். பாதை விட்டு விலகித்தான் நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு எதிரே இருந்த இந்த விடுதிக்குள் நுழைந்துவிட்டேன். அறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். தெருவில் சும்மாதான் நடமாடுகிறார்கள். கறிக்கடைக்காரன் கடையை மூடுகிறான். எனக்கு மட்டும் எல்லோரும் எனக்காகக் காத்திருப்பது போல இருக்கிறது.

விசாரணையில் எழுந்து நின்று சொல்லத்தான் வந்தேன். அதை என்னால் சொல்ல முடியும் என்றுதான் நினைக்கிறேன். அந்த இடம் வரைக்கும் எப்படி நடப்பேன் என்றுதான் தெரியவில்லை. யாரையாவது அனுப்பு. மூடிய வண்டி கிடைத்தால் பின்வாசல் பக்கமாக அனுப்பு.

ஆம்ப்ரோஸ்


ஆகஸ்ட் 1, காலை

தம்பி,

மூடிய வண்டி கிடையாது. பின்வாசலும் வேண்டாம்.

உன் சீட்டு வந்தபோது ஜாபெஸ் என்னோடு சமையலறையில் இருந்தார். ரூபனுக்குச் சவப்பெட்டி செய்கிற தச்சனிடம் போய்விட்டு வந்திருந்தார். அவருக்கு எதிரில் நான் உன் பெயரை எடுக்கவில்லை. அவரே கேட்டார்.

“வந்துட்டாரா?”

“நிலையத்து விடுதியில இருக்கான். வெளிய வரப் பயப்படறான்.”

அவர் எழுந்து தொப்பியை எடுத்தார். “நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்” என்றார்.

நான் வேண்டாம் என்றேன். வேறு யாரையாவது அனுப்பலாம் என்றேன்.

“வேற யாரு கூட வந்தாலும் தெருவுல ஏதாச்சும் ஆகும்மா. எங்கூட நடந்து வந்தா எவனும் கை வைக்க மாட்டான்.” கதவுவரை போய்த் திரும்பினார். “ஆனா அவருகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. எங்கிட்ட மன்னிப்பு கின்னிப்புன்னு வழியில எதுவும் பேச வேணாம். என்னால இன்னிக்கு அதெல்லாம் கேக்க முடியாது. பேச வேண்டியத அங்க மாடியில வந்து பேசட்டும்.”

ஆகவே பேசாதே. அவர் பக்கத்தில் நட, முன்னாலும் போகாதே, பின்னாலும் நிற்காதே. நான் விசாரணை அறையில் முன்வரிசையில் இருப்பேன்.

இந்தச் சீட்டை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். இதைப் படிக்கிறாய் என்றால் நாற்காலியை நகர்த்தி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாய். தெருவைக் கடப்பதுதான் பாக்கி. கிளம்பு.

அக்கா